வெட்டி எடுத்த மூச்சுகள்

மார்ச் 6

ஒலிப்பதிவாளர் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. பதினான்கு வருடமாக நீங்கள் யாருடைய வாயருகே மைக் வைத்துப் பதிவு செய்தீர்களோ, அவளுடைய கூடப்பிறந்த தங்கை நான். ஒன்பது வருடமாக எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் அவள் போய்விட்டாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வார்டில் ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த டி.வி.யில் அவள் படம் வந்தது. ஜாஸ், பாப் இரண்டிலும் முப்பது வருடமாகக் கொடிகட்டிப் பறந்த பாடகி என்று ஆரம்பித்தார்கள். ஏதோ விருது கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தேன். கீழே "காலமானார்" என்று எழுத்து ஓடியது. அதைப் படித்த பிறகும் சிரித்த முகத்தை மாற்றிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெரியவர்தான் மூக்கில் குழாயோடு என் கையைப் பிடித்து, "உக்காரும்மா, மொதல்ல நீ உக்காரு" என்றார்.

அடக்கத்துக்கு வந்திருந்தேன். பஸ் டிரைவர்கள் சீருடையோடு வந்து அழுதார்கள். ஒரு பெண் இடுப்பில் இருந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி அவளுடைய பாட்டையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அக்காவுக்கும் அச்சு அசலாக ஒரே மூக்கு. ஆனாலும் ஒருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. நீங்கள் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு டி.வி.க்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். "நோய்நொடி எதுவும் கெடையாதுங்க. அஞ்சு மாசம் முன்னாடிதான் கடைசி ரெக்கார்டு முடிச்சோம். இருபது வயசுக் குரல்" என்றீர்கள்.

சாவுக்குக் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பிறகு பார்த்தேன். இரண்டு நுரையீரலும் நார் பாய்ந்து இறுகிப்போயிருந்தனவாம். குறைந்தது நான்கு வருட வியாதி.

நான் நுரையீரல் வார்டில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். ஆள் கதவைத் திறந்து உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவதற்குள், மூச்சைக் கேட்டே எந்தக் கட்டிலில் போடலாம் என்று முடிவு செய்துவிடுவேன். அவளுடைய ரெக்கார்டு ஒன்று விடாமல் வாங்கினேன். என் பேரில் வாங்க ரோஷம் விடவில்லை. "வார்டு நூலகம், நோயாளிகளுக்காக" என்று உங்கள் ஸ்டுடியோவுக்கே எழுதித் தபாலில் வரவழைத்தேன். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் மூச்சைத்தான் கேட்பேன். கடைசி மூன்று ரெக்கார்டுகளில் ஓரிடத்தில்கூட அவள் மூச்சு எடுக்கிற சத்தம் இல்லை. "மூச்சே விடாமல் பாடுகிறார்" என்று பத்திரிகையில் எழுதினார்கள். வெளியே கேட்காமல் மூச்சு எடுக்கப் பழகிவிட்டாள், நல்ல திடமாக இருக்கிறாள் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

ஒரே ஒரு கேள்வி. என் அக்காவின் மூச்சுகள் எங்கே போயின?

இப்படிக்கு,
தங்கை

&nbsp;

மார்ச் 11

டீச்சரின் தங்கை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறை படிக்கத் தைரியம் இல்லாமல் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் குழுவில் அவருக்கு டீச்சர் என்றுதான் பேர். யார் தப்பாக வாசித்தாலும் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கிலேயே பாடம் எடுப்பார். எனக்குக் கத்திரி என்று பேர் வைத்ததும் அவர்தான். பதிவானதை வெட்டி ஒட்டுவதுதானே என் பிழைப்பு.

அன்றைக்கு நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டியது என் கடமை. ஸ்டுடியோ மூன்றாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். அவரும் பியானோக்காரரும் பேசிக்கொண்டே ஏறியிருக்கிறார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் டீச்சர் நின்று, "நீங்க போய்ட்டே இருங்க, செருப்பு வார் கழண்டுக்குச்சு, மாட்டிட்டு வரேன்" என்றாராம். இது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். மூன்று வருடமாக எந்தப் படியில் ஏறினாலும் அவருக்கு வார் கழன்றுவிடும். "டீச்சர், நாடு முழுக்க உங்க பாட்டு ஓடுது, ஒரு நல்ல செருப்பு வாங்கக் கூடாதா?" என்று கேலி செய்வோம். பத்து நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம் என்று நான் இறங்கிப் போனேன். படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். பை மடியில் இருந்தது. யாருக்கோ காத்திருக்கிற மாதிரிதான் இருந்தது. "என்ன டீச்சர், இன்னுமா மாட்டறீங்க?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய பொருள்களை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். செருப்பை எடுத்துப் பார்த்தேன். சும்மா காலை நுழைத்துப் போட்டுக்கொள்கிற செருப்பு. அதற்கு வாரே கிடையாது. வீட்டில் போய்ப் பார்த்தோம். ஒன்பது ஜோடி இருந்தது. ஒன்றுக்கும் வார் இல்லை. பியானோக்காரர் அந்தச் செருப்பு அலமாரிக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடமாக எங்கள் எதிரில்தானே குனிந்து மாட்டினார், எங்களில் ஒருவர்கூடக் காலைப் பார்க்கவில்லையே!

மூச்சைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது முழுக்கத் தொழில் சமாச்சாரம். பதிவில் தேவையில்லாத சத்தங்களை எடுத்துவிடுவோம். நாற்காலி கிறீச்சிடும், காகிதம் சலசலக்கும், மூச்சு கேட்கும். தூசி தட்டுவது என்போம். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டுகிறவன், அவ்வளவுதான். டீச்சருக்குத் தங்கை இருப்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

மன்னிக்கவும் என்று எழுதினால் போதாது என்று தெரிகிறது. வேறு சொல் கிடைக்கவில்லை.

கத்திரி

&nbsp;

மார்ச் 15

கத்திரி அவர்களுக்கு,

டீச்சரா? எட்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை முட்டை வாங்கியவளுக்கா? நல்ல ஆளைப் பிடித்தீர்கள்.

செருப்பு விஷயத்தைப் படித்தேன். என் நோயாளிகளும் இதைத்தான் செய்வார்கள். ஒருவர் படியில் நின்று கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார், இன்னொருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல மனிதர்களுக்கு அத்தனை வெட்கம். கூட ஏறியிருந்தால் முதல் மாடியிலேயே அவள் கையைப் பிடித்திருப்பேன். நான் கூட இல்லை. ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் அவள் வீட்டில் விருந்து. மேசையைச் சுற்றி ஆறு பேர். அவள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் எங்கே அடங்குகிறது? "அக்கா, ஒன் மூச்சுல என்னமோ சத்தம் வருது. நாளைக்கே ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்த ஆறு பேரில் ஒருவர் பத்திரிகைக்காரர். மூன்றாம் நாள் "குரல் போகிறதா?" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். பத்து ஊர்களில் ஏற்பாடாகியிருந்த கச்சேரிகள் வரிசையாக ரத்தாயின. போனில் கூப்பிட்டாள். "இனிமே என் மூச்சை நீ எண்ணாதே" என்றாள். அவ்வளவுதான். அவள் குரலை நான் நேராகக் கேட்டது அதுதான் கடைசி.

அது வெறும் சளியாகக்கூட இருந்திருக்கலாம். அன்றைக்கு நான் பேசியது தப்பாக இருக்கலாம், பிறகு பேசாமல் இருந்ததும் தப்பாகிவிட்டது.

இப்போது உங்கள் தூசிக்கு வருகிறேன். நாற்காலிச் சத்தமும் என் அக்கா மூச்சும் உங்களுக்கு ஒன்றா? அழுக்குத் துணியை அலசுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். வெட்டியதை எல்லாம் என்ன செய்தீர்கள்? அழித்துவிட்டீர்களா, வைத்திருக்கிறீர்களா?

அந்த மூச்சுகளை நான் கேட்டிருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்க முடியுமா, முடியாதா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் இன்னொருவர் மார்பில் ஸ்டெத்தாஸ்கோப் வைக்க எனக்குக் கை வரவில்லை. போன வாரம் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே காதில் விழவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

வைத்திருந்தால் அனுப்புங்கள். உங்கள் ஸ்டுடியோவில் பார்சல் கட்டுகிறவர் ஒருவர்தான் வேலை தெரிந்தவர் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ரெக்கார்டும் மூலை மடங்காமல் அத்தனை நேர்த்தியாக வந்தது. அவரிடமே கொடுங்கள்.

தங்கை

&nbsp;

மார்ச் 20

அம்மா,

எதையும் அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வெட்டிய ஒவ்வொரு துண்டையும் "தூசி" என்று ஒரு கோப்பில், எந்தப் பாட்டில் வெட்டியது என்று குறித்து, நம்பர் போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி, "குப்பையைக்கூட வரிசையா அடுக்கி வைக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்பாள். நகல் எடுத்து ஹார்டு டிஸ்க்கில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். இந்த முறை நானே கட்டினேன். மூலை மடங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கடிதத்தில் நான் பூசி மெழுகிவிட்டேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்குக் கேட்டது. முதல் ரெக்கார்டில் ஒரு பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மூச்சுதான் இருக்கும், அதையெல்லாம் நான் தொட்டதே இல்லை. கடைசியில் ஒரு பாட்டுக்கு முப்பதுக்கு மேல் வெட்டினேன். ஒரு வரியை ஒரே மூச்சில் பாடிக்கொண்டிருந்தவர் மூன்றாக உடைத்துப் பாடினார். அந்த மூன்றையும் இடைவெளி தெரியாமல் ஒட்டினேன். வயசாகிறது, அதற்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். "டீச்சர், உங்களால இப்பல்லாம் எனக்கு டபுள் வேலை" என்றுகூடச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் ஏதாவது கேட்டதா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கதி!

மேடைக் கச்சேரியே வேண்டாம் என்று மூன்று வருடமாக ஒதுங்கியிருந்தார். "பெட்டியைத் தூக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சது போதும்ப்பா" என்றார். அதையும் நம்பினோம்.

ஏப்ரல் 12 அன்று மாலை நகர அரங்கில் அவருக்கு நினைவுக் கூட்டம். கடைசி ரெக்கார்டின் கடைசிப் பாட்டுக்கு வாத்தியங்களை மேடையில் வாசிப்போம். அவர் குரலை மட்டும் பதிவிலிருந்து ஒலிக்க விடப்போகிறோம். நீங்கள் வரவேண்டும்.

கத்திரி

&nbsp;

மார்ச் 29

கத்திரி அவர்களுக்கு,

மூலை இரண்டு பக்கமும் மடங்கித்தான் வந்தது. டிஸ்க் பிழைத்தது.

சமையலறை மேசையில் வைத்து மூன்று நாள் பகல் முழுக்கக் கேட்டேன். முதலில் ஏதோ நிழல் பேசுகிற மாதிரி இருந்தது. பாட்டு இல்லை, சொல் இல்லை, வெறும் மூச்சு. பத்தாவது துண்டில் அவள் மூக்கை உறிஞ்சுகிறாள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் கேட்ட அதே உறிஞ்சல். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு நர்ஸாக உட்கார்ந்தேன். காகிதம் எடுத்துக் குறித்துக்கொண்டே வந்தேன். தொடக்கத்துத் துண்டுகளில் பயப்பட எதுவும் இல்லை, கொஞ்சம் அவசரம் மட்டும்தான். நாற்பதுக்கு அப்புறம் உள்ளே இழுக்கும் காற்று பாதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. நூறு தாண்டியபின் அவள் பாடவே கூடாது. கட்டிலில் சாய்ந்து, முகத்தில் ஆக்சிஜன் மாட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டிய மூச்சு அது. அதை வைத்துக்கொண்டு இரண்டு ரெக்கார்டு பாடியிருக்கிறாள். எப்படிப் பாடினாள்? இருபத்திரண்டு வருட அனுபவத்தில் எனக்கு விளங்கவில்லை. நின்றுகொண்டா பாடினாள்?

நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்த வியாதியைத் தீர்க்க மருந்து கிடையாது. தள்ளிப்போடலாம். நாற்பதாவது துண்டை அன்றைக்கே நான் கேட்டிருந்தால், அதே நாள் பஸ் ஏறி வந்து அவளை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்திருப்பேன். இரண்டு வருடம் கூட இருந்திருப்பாள், மூன்றுகூட ஆகலாம். உங்கள் கத்தி அதை எடுத்துக்கொண்டது. எழுதிவிட்டேன். எழுதியபின் மனது ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை.

இன்னொன்று. நாற்பதுக்கு அடுத்தது நாற்பத்திரண்டு. நடுவில் ஒன்றைக் காணோம். குப்பையைக்கூட வரிசையாக அடுக்குகிற மனிதர் நம்பரைத் தவறவிடுவாரா? நாற்பத்தொன்று எங்கே?

தங்கை

&nbsp;

ஏப்ரல் 3

அம்மா,

நாற்பத்தொன்று என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றேதான் எடுத்து வைத்தேன்.

உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். டீச்சருக்குத் தங்கை இருப்பது எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். வாக்குக் கொடுத்திருந்தேன். போனவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதா, இருப்பவருக்குப் பதில் சொல்வதா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் "உங்கள் கத்தி" என்று எழுதியதைப் படித்தபின் பொறுக்க முடியவில்லை. என் பாரம் இறங்கட்டும் என்று சுயநலமாகத்தான் இதை அனுப்புகிறேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அது மூச்சு இல்லை, பேச்சு. ஒரு பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். இத்துடன் துண்டும் வருகிறது. தனியாக இருக்கும்போது திடுதிப்பென்று கேட்டுவிடாதீர்கள். முதலில் படித்துக்கொள்ளுங்கள். நான் கண்ணாடி அறையில் இருக்கிறேன், அவர் மைக் முன்னால் இருக்கிறார். ஆமாம், நின்றுகொண்டுதான். உட்கார்ந்தால் குரல் உட்கார்ந்துவிடும் என்பார்.

முதலில் இருமல். பிறகு அவர், "கத்திரி, இனிமே மூச்சு ஒண்ணு விடாம எடுத்துடு."

நான், "ஏன் டீச்சர்? கொஞ்சம் இருந்தாத்தானே ஜாஸ். எல்லாத்தையும் எடுத்தா பொம்மை பாடற மாதிரி இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். என் தங்கச்சி கேப்பா."

"உங்களுக்குத் தங்கச்சியா? சொல்லவே இல்லையே!"

"இருக்கா ஒருத்தி. நுரையீரல் வார்டுல நர்சு. அவளுக்கு ஒரே ஒரு மூச்சு போதும், அடுத்த பஸ்ஸுல வந்து வாசல்ல நிப்பா."

"வந்தா நல்லதுதானே டீச்சர்? இருமலுக்கு மருந்தாவது குடுப்பாங்க."

மறுபடியும் இருமல். பிறகு, "டாக்டரைப் பார்த்துட்டேன்ப்பா. மருந்தால ஆகற காரியம் இல்லையாம். அவ வந்தா என்னைப் படுக்கவெச்சுட்டுப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து எண்ணுவா. எண்ணி எண்ணியே அவ செத்துடுவா. எனக்கு நின்னுட்டே பாடணும். அவ, அக்கா நல்லா இருக்கான்னு நெனச்சு நிம்மதியா வேலைக்குப் போகட்டும். இதை யாருக்கும் சொல்லாதே, சத்தியமா."

"சத்தியமா" என்று நான் சொல்வதும் பதிவாகியிருக்கிறது.

டாக்டர் என்ற சொல்லை அன்று நான் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. பெரிய பாடகி, கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் வழக்கம்போல வந்து எல்லோருக்கும் பாடம் எடுத்தார். நானும் மறந்துபோனேன். அந்தப் படிக்கட்டில்தான் திரும்ப ஞாபகம் வந்தது. டி.வி.க்காரர்களிடம் நோய்நொடி இல்லை என்று சொன்னதும் அந்தச் சத்தியத்துக்காகத்தான்.

நீங்கள் கேட்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். உங்கள் முதல் ஆர்டர் வந்தபோது மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "வார்டு நூலகமாம், நோயாளிகளுக்காகவாம்! எழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி. மாத்தி எழுதக்கூடத் தெரியல" என்று சொல்லிச் சிரித்தார். யாருடைய எழுத்து என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அதிலிருந்து அந்த விலாசத்துக்குப் போகிற பார்சலை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். காகிதத்தை அளந்து வெட்டி, மூலையை மடித்து, அவரே கட்டுவார். எங்கள் ஸ்டுடியோவில் வேலை தெரிந்தவர் ஒருவர்தான் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அதற்குப் பதில் எழுதத்தான் அன்று எனக்குக் கை வரவில்லை.

கத்திரி

&nbsp;

ஏப்ரல் 7

கத்திரி அண்ணனுக்கு,

பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன். முடிந்ததும் அவர், "யாரும்மா இது, நீயா பேசற?" என்று கேட்டார். குரலும் ஒன்றுதான் போலிருக்கிறது. இத்தனை வருடம் எனக்கே தெரியவில்லை.

பார்சல் காகிதங்களை ஒவ்வொரு தடவையும் கிழித்துப் போட்டுவிட்டேன். கடைசியாக வந்ததை மட்டும் அலமாரித் தட்டில் விரித்திருந்தேன். மேலே இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். மடித்த தடம் அப்படியே இருக்கிறது. மூலையை முக்கோணமாக உள்ளே தள்ளி, அதன்மேல் இன்னொரு மடிப்பு. பள்ளிக்கூடம் திறக்கிற முதல் வாரம் என் நோட்டுகளுக்கு எல்லாம் இப்படித்தான் அட்டை போட்டுக் கொடுப்பாள். ஐந்து தடவை இந்த மடிப்பைக் கையில் வாங்கியிருக்கிறேன். ஒருதடவையாவது உறைத்ததா? காலைப் பார்க்காத உங்களை மனதுக்குள் திட்டினேன். கையில் இருந்ததைப் பார்க்காத என்னை யார் திட்டுவது?

எனக்குக் கோபம் தீரவில்லை. இப்போது அது அவள் மேல். என்னைக் கேட்காமல் எனக்காக அவளே முடிவு செய்துவிட்டாள். நான் எண்ணி எண்ணிச் செத்தால் சாகிறேன், அது என் பாடு. ஸ்டூல் போட்டு உட்காருகிற உரிமையைக் கொடுத்திருக்கலாம். ஆனால் நின்றுகொண்டே பாடணும் என்கிறாள் பாருங்கள், அந்த இடத்தில் மட்டும் என்னால் அவளை எதிர்த்துப் பேச முடியவில்லை.

நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன். அந்தப் பெரியவர் இன்னும் அதே கட்டிலில்தான் இருக்கிறாராம். என்னை விசாரித்தாராம்.

12ஆம் தேதி வருகிறேன். ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கடைசிப் பாட்டிலிருந்து முப்பத்தேழு மூச்சை வெட்டியிருக்கிறீர்கள். முப்பத்தேழையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். வரி உடைந்தால் உடையட்டும். இருமல் இருந்தால் அதுவும் இருக்கட்டும். பியானோக்காரர் கூடாது என்றால், தங்கை சொன்னாள் என்று சொல்லுங்கள். பஸ் டிரைவர்களும் குழந்தைக்காரியும் அவள் எதை வைத்துக்கொண்டு பாடினாள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் வையுங்கள். என் மூச்சை எண்ணாதே என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஒன்று விடாமல் எண்ணத்தான் போகிறேன். வேண்டுமானால் வந்து திட்டட்டும்.

தங்கை